சிவப்புத் துணி கட்டின கழி

நீ ம் சொன்னாத்தான் கதை நகரும். சொல்லாட்டி நடுவழியிலயே நின்னுக்கும், ஆமா.

தெக்கே கடலோரமா ஒரு ஊர்ல ஒரு கரைவலைக்காரரு இருந்தாரு. பேரு கஸ்பார். பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டா, ஒரே ஒரு மக, பிலோமி. அப்போல்லாம் அவங்க வீட்டு வாசல்ல நின்னா கடல் தூரத்துல ஒரு கோடு மாதிரிதான் தெரியும். நடுவுல தாழம்புதரு, அப்புறம் மணல், மணல், மணல். பிள்ளைங்க அதுல பந்து விளையாடுவாங்க, பொம்பளைங்க கருவாடு காயப்போடுவாங்க. எப்பேர்ப்பட்ட கரை அது. நினைச்சா இப்பவும் ஏக்கமா இருக்கு.

ம்.

அந்தப் பிலோமி படிச்சா, படிச்சா, அப்படிப் படிச்சா. படிச்சுட்டு எங்க போனாங்கற? கடக்கரைல பொறந்தவ வடக்கே பனிமலைக்குப் போயிட்டா. அங்க பனி ஆறுன்னு ஒண்ணு இருக்கு. ஓடுற ஆறு இல்ல, உறைஞ்சு போய் மலை இடுக்குல படுத்துக் கிடக்கிற ஆறு. அது வருஷத்துக்கு எவ்வளவு கரையுதுன்னு பார்க்கிறதுதான் அவ வேலை. உலகத்துல இருக்கிற பனியெல்லாம் கரைஞ்சா எங்க போகும்? கடலுக்குத்தான். கடல் ஏறும்ல? அதுக்குத்தான்.

மொத மொத அவ ஏறினப்போ அந்தப் பனி நீலமா மினுங்குச்சாம். காலை வெச்சா மொறுக் மொறுக். அடியில எங்கயோ டொம்முனு வெடிக்கும். காதை வெச்சா உள்ள களுக் களுக்னு தண்ணி ஓடும். வயசாகி முடி நரைச்ச பிறகும் பிலோமி அந்த மொத வருஷத்தைப் பத்தித்தான் பேசுவா. அது மாதிரி பனியை அப்புறம் பார்க்கவே இல்லன்னு சொல்லுவா.

ம்.

சரி, பனி கரையுறதை எப்படி அளக்குறது? அதுக்கு ஒரு வேலை இருக்கு. பனியில ஆழமா ஓட்டை போட்டு, ரெண்டாள் உசர மூங்கில் கழியை உள்ள எறக்குவா. ஒரு முழம்தான் வெளிய தெரியும். அடுத்த வருஷம் போய்ப் பார்ப்பா. பனி கரைஞ்சிருந்தா கழி நிறைய வெளிய வந்திருக்கும். எவ்வளவு வந்திருக்கோ, அவ்வளவு பனி போயிடுச்சு. தூரத்துல இருந்து தெரியணும்னு கழி தலையில சிவப்புத் துணி. அதைக் கட்டுறதுக்கு அவளுக்குத் தெரிஞ்சது ஒரே முடிச்சு, அவங்க அப்பா வலை பின்னும்போது போடுற முடிச்சு.

இங்க ஊர்ல என்னாச்சு? கடல் கிட்ட வர ஆரம்பிச்சிடுச்சு. தாழம்புதரு போச்சு. ஜனங்க மூட்டையைக் கட்டிக்கிட்டு உள்ள தள்ளி மேட்டுப்பக்கம் போனாங்க. கஸ்பார் மட்டும் அசையல. பிலோமியோட அம்மா வாழ்ந்த வீடு, எப்படி விடுவாரு? "எம் மக பனியைப் பார்த்துட்டு வரட்டும். அவ போகச் சொன்னா போறேன்"னு சொல்லிட்டாரு.

அப்போ பிலோமி மலை ஏறினா. பார்த்தா, கழி ஒரு முழம்தான் வெளிய இருக்கு. பனி கரையவே இல்ல. குதிச்சுக்கிட்டு எறங்கி ஊருக்கு வந்து, "இருங்கப்பா, பயமில்ல"ன்னா. அடுத்த வருஷமும் ஏறினா. அப்பவும் ஒரு முழம். "இருங்கப்பா"ன்னா. படிச்ச பிள்ளைதான், ஆனா ஆசைப்பட்டுட்டால்ல, சந்தேகமே வரல.

தூங்கிட்டியா? ம். சரி.

மூணாவது வருஷம் ஏறினா. அப்பவும் அதே ஒரு முழம். காத்து சர்ர்ர்னு அடிக்குது, துணி படபடங்குது. கிழிஞ்சிருக்கே, மாத்திக் கட்டலாம்னு கையுறையைக் கழட்டிட்டு முடிச்சைத் தொட்டா. தொட்டதும் கை நின்னு போச்சு. அது அவ போட்ட முடிச்சே இல்ல.

குனிஞ்சு பார்த்தா கழியைச் சுத்தி கல்லு அடைச்சு வெச்சிருக்கு.

பக்கத்துல ஆடு மேய்க்கிற ஆங்மோன்னு ஒரு அம்மா உண்டு, பிலோமிக்கு டீ கொடுக்கிற அம்மா. அவங்கக்கிட்ட அரைகுறை இந்தியில கேட்டா. ஆங்மோ சந்தோஷமா சொன்னாங்களாம், ஒவ்வொரு வருஷமும் உன் கொடி விழுந்து கிடந்துச்சு, கொடி தரையில கிடந்தா பாவம், அதான் அவுந்த துணியைத் திரும்பக் கட்டி, பனி வெடிப்புல சொருகி, கல்லு வெச்சு, நீ வெச்ச மாதிரியே நிக்க வெச்சேன்னு. அதைச் சாமிக் கொடின்னு நினைச்சுட்டாங்க. அந்த ஊர்ல சாமிக் கொடி விழுந்தா, யாரு பார்க்குறாங்களோ அவங்க தூக்கி நிறுத்தணும். அது வழக்கம்.

பிலோமி அப்படியே பனியில உட்கார்ந்துட்டா. ரெண்டாள் ஆழத்துல நட்டது தானா விழணும்னா, அத்தனை பனியும் கரைஞ்சாத்தானே விழும்? மூணு வருஷமும் கரைஞ்சிருக்கு. அந்தப் பேச்சை நம்பி அங்க ஊர்ல அப்பா தனியா அலை அடிக்கிற வாசல்ல உட்கார்ந்திருக்காரு. அழுதா. ஆங்மோவைத் திட்டல, எப்படித் திட்டுவா? இனிமே விழுந்தா விழுந்தபடி விட்டுடுங்கம்மான்னு மட்டும் கேட்டுக்கிட்டா. அந்த அம்மாவுக்கு மனசு வரல, ஆனாலும் தலையாட்டினாங்க.

அப்புறம் மலையை விட்டு எறங்கி, பஸ் ஏறி, ரயில் ஏறி, சொல்லாமக் கொள்ளாம ஊருக்கு வந்தா. ஐப்பசி மாசம், மழை தொடங்கப் போற நேரம். காலையில வீட்டுக்குள்ள நுழைஞ்சவ திகைச்சுப் போனா. அடுப்படி பூரா கடல்தண்ணி. கஸ்பார் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு சளக் சளக்னு வாளியில அள்ளி வெளிய ஊத்துறாரு. கொல்லையில மணல்மூட்டை அடுக்கியிருக்கு. சுவத்துல முட்டி உசரத்துக்கு உப்புப் பூத்திருக்கு. அது ஒரு நாள்ல பூத்த உப்பு இல்ல.

"எப்ப இருந்துப்பா?"

அவரு வாளியைக் கீழ வெச்சாரு. அவ்வளவுதான், அவ கதவைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டா. கழி விழுந்தது, ஆங்மோ நட்டது, தான் பார்க்காம விட்டது. "நான் சொன்னது தப்புப்பா. இங்க இருக்க வேண்டாம், போயிடுவோம்"னா.

கஸ்பார் அவளைப் பார்த்தாரு. கோபம் இல்ல, ஒண்ணும் இல்ல. பாரத்தை எறக்கி வெச்சவரு மாதிரி மூச்சு விட்டாரு.

"மொத வருஷமே தண்ணி வந்துட்டு மக்கா. நீ வர்ற சேதி தெரிஞ்சா முந்தின நாளே கழுவி விட்ருவேன். நான் எறங்கிப் போயிட்டா எம் மக சொன்னது பொய்னு ஊரு பேசும்லா, அதான் போகல."

அன்னைக்கு மத்தியானமே அப்பாவும் மகளுமா, மேட்டுப்பக்கம் கொண்டு போக, வீட்டுக் கதவைக் கழட்ட ஆரம்பிச்சாங்க.

கதை கரை ஏறிடுச்சு, நீயும் கண்ணை மூடு.