கிளையிலிருந்து வந்த விசில்

உங்கள் பள்ளிக்கூடம் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்கப் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள், கண்ணுகளா? கை தட்டுவீர்கள். தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்துவீர்கள். அப்படித்தானே? கத்தலாம், தப்பே இல்லை. ஆனால் பவழன் என்கிற கிளிப்பிள்ளை செய்ததை மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஒரு காட்டில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஒன்று ஆலமரத்துப் பள்ளி. இன்னொன்று பாறைமேட்டுப் பள்ளி. வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டும் மோதுகிற கூடைப்பந்து ஆட்டம் என்றால் காடே கூடிவிடும். காட்டுக்கொடியைச் சுற்றிச் சுற்றிக் கட்டியதுதான் பந்து. தூக்கணாங்குருவிகள் பின்னிக் கொடுத்த அடியில்லாத கூடைதான் கூடை.

போன வருஷம் ஆட்டத்தின் நடுவே பிள்ளைகள் ஆடுகளத்து எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே புகுந்துவிட்டார்கள். அந்த நெரிசலில் ஓர் அணிலின் கால் ஒடிந்துபோனது. ஆட்டக்குழுத் தலைவி யானை அதை மறக்கவில்லை.

"இந்த வருஷமும் ரகளை நடந்தா, கூடையைப் பிடுங்கி எறிஞ்சிடுவேன். அப்புறம் இந்தக் காட்டுல ஆட்டம்னு ஒண்ணு கிடையாது" என்று சொல்லிவிட்டுக் கூடைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டது.

அதனால் அன்றைக்கு எல்லாருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம்.

ஆட்டம் நடந்தது ஆலமரத்துப் பள்ளியில். நடுவர்கள் இரண்டு பேர். ரோஷக்காரச் சேவல் ஒருவர், நிதானக்கார நாரை இன்னொருவர். இருவர் வாயிலும் நாணல் தண்டில் செய்த விசில். விசில் கேட்டால் ஓடுகிற கால் அப்படியே நிற்க வேண்டும். அதுதான் சட்டம்.

பள்ளியின் தலைமை ஆசிரியை எருமை. நல்லவர்தான், ஆனால் இருந்த இடத்தை விட்டு அசையமாட்டார். "நம்ம பிள்ளைங்கதானே, சமர்த்தா இருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் குட்டையில் இறங்கிப் படுத்துவிட்டார்.

கோட்டுக்கு வெளியே நின்ற ஆலமரத்துக் கிளைகள் முழுக்க அந்தப் பள்ளியின் கிளிப்பிள்ளைகள். அவர்களுக்குத் தலைவன்தான் பவழன். எந்தச் சத்தத்தையும் ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வான்.

ஆட்டம் தொடங்கியது. பாறைமேட்டுப் புள்ளிமான் பூவரசி பந்தைத் தட்டிக்கொண்டு அம்பு மாதிரி வந்தாள். அவளை மறிக்க யாராலும் முடியவில்லை.

"பாத்துக்கிட்டே இருங்கடா" என்றான் பவழன். அலகைக் குவித்து, "பீ...ப்!" என்றான்.

அசல் விசில் சத்தம்!

பூவரசி சட்டென்று நின்றாள். பந்து கையை விட்டு உருண்டது. ஆலமரத்துப் பள்ளிக் காட்டுப்பன்றி கோரையன் அதைப் பொறுக்கிக்கொண்டு ஓடிக் கூடையில் போட்டுவிட்டான். கிளிகள் கிளை குலுங்கச் சிரித்தன.

"நடுவரே, விசில் கேட்டுச்சே!" என்று பூவரசி பதறினாள்.

"நான் ஊதலையே" என்றார் சேவல். நாரையைப் பார்த்தார். நாரையும் இல்லை என்று தலையை ஆட்டியது. சேவலுக்குக் கொண்டை சிவந்துவிட்டது. விறுவிறுவென்று கோட்டைத் தாண்டி மரத்தடிக்கே போய் நின்றார்.

"யாருடா அது ஊதினது?"

"நாந்தான்!" என்றது ஒரு கிளை.

"நாந்தான்!" என்றது இன்னொரு கிளை.

"நாந்தான், நாந்தான், நாந்தான்!" என்றது மரம் முழுக்க.

"திமிரா? இறங்கி வாங்கடா கீழே!"

"நீங்க ஏறி வாங்க சாரே! பறக்கத் தெரியாதா?"

"கொக்கரக்கோ! விடிஞ்சிடுச்சு, எல்லாரும் எந்திரிங்க!" என்று சேவலின் குரலிலேயே பவழன் கூவினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"அண்ணே, வந்துடுங்க. நம்ம வேலை கோட்டுக்குள்ள" என்று நாரை கூப்பிட்டது.

சேவல் கேட்டால்தானே! "இன்னொரு சத்தம் வந்துச்சு, உங்க பள்ளிக்கூடம் போட்ட பந்து ஒண்ணுகூடக் கணக்குல வராது!"

கோரையன் ஓடி வந்தான். "சார், நாங்க என்ன பண்ணினோம்? கத்துறது அவங்க, தண்டனை எங்களுக்கா?"

"போ, போய் ஆடு!" என்று விரட்டிவிட்டு, சேவல் மறுபடி மரத்தைப் பார்த்தே முறைத்துக்கொண்டு நின்றார். ஆட்டம் அவர் முதுகுக்குப் பின்னால் நடந்தது. அவர் முறைக்க முறைக்கக் கிளிகளுக்குக் கொண்டாட்டம். நடுவரையே ஆட வைக்கிறோம் என்றால் சும்மாவா? இப்போது பவழன் மட்டும் அல்ல, அவன் தோழர்களும் ஊதினார்கள். பீப்! பீப்! பீப்! முதலில் திகைத்து நின்ற ஆட்டக்காரர்கள், பிறகு எந்த விசிலுக்கும் நிற்காமல் ஓடத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் அது நடந்தது.

பூவரசியின் குளம்பு ஒரு வேரில் சறுக்கியது. கூடைக்குக் கீழே மல்லாந்து விழுந்தாள். பின்னாலேயே கோரையன் தலையைக் குனிந்தபடி புயலாக வந்துகொண்டிருந்தான். நாரை பார்த்துவிட்டது. தன் பலம் எல்லாம் சேர்த்து ஊதியது. அது உண்மையான விசில். மறுபடி ஊதியது.

கோரையன் நிற்கவில்லை. கிளிகள்தான் ஊதுகின்றன என்று நினைத்துவிட்டான்.

தலையை நிமிர்த்தியபோது மானின் முகம் அவனுக்கு நேர் எதிரே இருந்தது. "ஐயோ!" என்று உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பினான். தோள் மோதியது. இருவரும் புழுதியில் புரண்டார்கள். பூவரசியின் முழங்காலில் ரத்தம் கசிந்தது.

"எங்க பிள்ளையை மிதிக்கப் பாத்தானே!" பாறைமேட்டு ஆடுகள் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு கோட்டருகே வந்துவிட்டன. "வாங்களேன் பாப்போம்!" என்று இந்தப் பக்கக் கீரிகள் சிலிர்த்துக்கொண்டன. யானை தும்பிக்கையை மெல்ல உயர்த்திக் கூடையின் விளிம்பைப் பிடித்தது.

நாரை பந்தைத் தன் இறக்கைக்குள் வைத்துக்கொண்டது. மரத்தை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரெண்டு பக்கத்து ஆட்டக்காரங்களும் அவங்கவங்க இடத்துல உக்காருங்க. கோட்டுக்குள்ள யாரும் வரக் கூடாது. அம்மா," என்று யானையிடம் திரும்பியது, "நான் குட்டை வரைக்கும் போய்ட்டு வர்ற வரைக்கும் கூடை அப்படியே இருக்கட்டும்."

யானை பிடியை விடவில்லை. இழுக்கவும் இல்லை.

நாரை நேரே குட்டைக்குப் போனது. எருமை கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், உங்க பிள்ளைங்க விசிலடிச்சு ஆட்டத்தைக் கெடுக்கிறாங்க."

"சின்னப் பிள்ளைங்கம்மா. கொஞ்ச நேரத்துல தானா ஓய்ஞ்சிடும்."

"ஓயல. நான் ஊதின விசிலையும் பொய்னு நினைச்சு உங்க கோரையன் ஒரு பிள்ளையை மிதிக்க இருந்தான்."

எருமையின் வாய் அசைபோடுவதை நிறுத்தியது.

"சேவல் சார் அதட்டினாரே, அடங்கலையா?"

"அதட்டினதாலதான் கூடிப்போச்சு. கோட்டுக்கு உள்ளே நடக்கிறதுக்கு நாங்க பொறுப்பு. வெளியே நடக்கிறதுக்கு நீங்க பொறுப்பு. நீங்க வந்து சரி பண்ற வரைக்கும் பந்து என் இறக்கையை விட்டு வெளியே வராது. கூடை அங்கே யானையம்மா கையில இருக்கு. அவ்வளவுதான் நான் சொல்லுவேன்."

எருமை எழுந்தார். சேறு சொட்டச் சொட்ட நடந்து ஆலமரத்தடிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. மேலே பார்த்தார்.

"சொக்கி."

ஒரு கிளை அமைதியானது.

"குன்றிமணி. உங்கம்மா காலையில என்ன சொல்லி அனுப்பினாங்க?"

"சமர்த்தா இருன்னு டீச்சர்" என்று மெல்லிய குரல் வந்தது.

"அழகா இருக்கு உன் சமர்த்து. பவழா, இலைக்குப் பின்னாடி ஒளிஞ்சா எனக்குத் தெரியாதா? உன் வால் தெரியுது."

பவழன் எட்டிப் பார்த்தான். "எல்லாருந்தான் டீச்சர் ஊதினாங்க."

"அதோ, அந்தப் பொண்ணோட காலைப் பாரு."

பவழன் பார்த்தான். பூவரசி முழங்காலில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் கேளுங்க. நம்ம பள்ளிக்கூடத்துக்காக எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க. விசில் மட்டும் நடுவருடையது. அதை இன்னொரு தடவை எடுத்தா, எடுத்தவங்களை நானே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். பவழா, நீ இறங்கி வா. ஆட்டம் முடியுற வரைக்கும் உனக்கு இடம் என் கொம்பு."

பவழன் தொங்கிய தலையோடு வந்து கொம்பில் உட்கார்ந்தான். எருமை மரத்தடியிலேயே காலை மடக்கி அமர்ந்தார். கிளிகளின் சத்தம் அடங்கியதைப் பார்த்து ஆடுகளும் கீரிகளும் பின்வாங்கின. சேவல் கோட்டுக்குள் திரும்பி வந்து, மரத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்.

கோரையன் விசிலுக்கு நிற்காமல் மோதியதால், பூவரசி குறுக்கே யாரும் இல்லாமல் இரண்டு தடவை எறியலாம் என்று நாரை அறிவித்தது. ஆட்டம் முடியும் நேரம். ஆலமரத்துப் பள்ளி ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தது.

முதல் பந்து. உள்ளே விழுந்தது. இப்போது இரண்டு பள்ளிகளும் சமம்.

இரண்டாவது பந்தைப் பூவரசி தூக்கினாள். பவழனுக்குத் தொண்டை அரித்தது. ஒரே ஒரு 'பீப்' போதும், அவள் கை தவறிவிடும். நெஞ்சை உப்பி மூச்சை இழுத்தான். எருமை திரும்பிப் பார்க்கவில்லை, கொம்பை ஆட்டவும் இல்லை. யானையின் தும்பிக்கை இன்னும் கூடை விளிம்பில் இருந்தது.

"ஆலமரம்! ஆலமரம்!" என்று பவழன் தன் சொந்தக் குரலில் அலறினான். மரமே சேர்ந்து அலறியது.

பந்து விளிம்பில் பட்டது. சுற்றியது. இன்னொரு சுற்று சுற்றி உள்ளே விழுந்தது.

நாரை விசிலை ஊதியது. எல்லாரும் அந்த நொடியே நின்றார்கள். ஆட்டம் முடிந்தது. பாறைமேடு ஜெயித்துவிட்டது.

கிளிகள் அழுதன. ஆனால் ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டவில்லை. கோரையன் போய்ப் பூவரசிக்குத் தோள் கொடுத்து வெளியே நடத்திக் கூட்டி வந்தான்.

யானை தும்பிக்கையைக் கூடையிலிருந்து எடுத்தது. காடே பார்க்க, அது எருமையின் முன்னால் வந்து நின்றது.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அடுத்த வருஷ ஆட்டத்துக்கு, முதல் விசில் ஊதுறதுக்கு முன்னாடியே வந்து இதே மரத்தடியில உக்காந்துக்கோங்க."

நீதி: கூச்சல் போடுகிறவர்களோடு சண்டைக்குப் போனால் நம் வேலை கெடும், அவர்களுக்குப் பொறுப்பானவரை அழைத்தால் கூச்சலும் அடங்கும், வேலையும் நடக்கும்.