செல்வியின் ஃபைலில் கடைசி வரி

தூத்துக்குடியில் பவளக்கொடி டீச்சரின் கம்ப்யூட்டர் வகுப்பில் மவுஸ் கிடையாது. ஏன் என்று கேட்டால், "கையில விரல் இருக்குல்லா, அது போதும்" என்பார்.

விசைப்பலகையைவிட்டுக் கையை எடுக்காமலே எழுதவும் திருத்தவும் ஒரு எடிட்டர் உண்டு. அதைத்தான் அங்கே சொல்லிக்கொடுத்தார். எழுதும்போது எழுத்தைத் தட்டினால் எழுத்து விழும். எஸ்கேப் விசையைத் தட்டிவிட்டால் அதே எழுத்துகள் கட்டளையாகிவிடும். ஒன்று வரியை அழிக்கும், இன்னொன்று கீழே இறக்கும். புதிதாக வந்தவர்கள் அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல் கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டு ஓடியதெல்லாம் உண்டு.

நாகலிங்கம் அண்ணாச்சி ஓடவில்லை. அச்சகத்தில் டைப்செட்டிங் பார்த்தவர், டீச்சரைவிட வயதில் மூத்தவர், அங்கே முதலில் சேர்ந்த சீடர். டீச்சருக்கு நிறைமாதம். பிரசவத்துக்குத் தாய்வீடு போய்த் திரும்பும்வரை அந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்து வகுப்பை நடத்த வேண்டும். அது தான்தான் என்று அண்ணாச்சி டீக்கடைவரை சொல்லி வைத்திருந்தார்.

அப்புறம் மரியசெல்வி வந்து சேர்ந்தாள். துறுதுறுவென்று தட்டுவாள். தப்பு வந்தால் சிரிப்பாள், மறுபடி தட்டுவாள். ஒருநாள் டீச்சர் அவளைப் பார்த்து, "நல்லா வருதே!" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

எல்லோருடைய ஃபைலும் ஒரே பெரிய கம்ப்யூட்டரில் கிடந்தது. யாரும் யாருடையதையும் திறந்து பார்க்கலாம். அண்ணாச்சி பார்த்தார். தன் வேலையில் ஒரு வரி முடிப்பார், உடனே செல்வியின் ஃபைலைத் திறப்பார், கடைசி வரிக்குப் போவார். எதுவரை வந்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டுத் திரும்புவார். திரும்பும்போது முகம் இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கும்.

டீச்சர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் எல்லோருக்கும் ஒரே வேலை கொடுத்தார். நீளமான பஸ் அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் ஊர் முன்னால், நேரம் பின்னால். நேரத்தை முன்னால் கொண்டுவர வேண்டும்.

"எல்லாத்தையும் கையால செய்யாதீங்க" என்றார். "பதிவு விசையை அமுக்கிட்டு ஒரு வரியை மட்டும் மாத்துங்க. நீங்க தட்டுறதையெல்லாம் எடிட்டர் அப்படியே ஞாபகம் வச்சுக்கும். பதிவை நிறுத்திட்டு, மிச்ச வரிக்கெல்லாம் இதே மாதிரி செய்னு சொன்னா செஞ்சிடும்."

அண்ணாச்சி பதிவைத் தொடங்கினார், முதல் வரியை மாற்றினார், பதிவை நிறுத்தினார். மிச்சத்தைச் செய் என்று கட்டளை கொடுத்தார்.

திரை படபடவென்று அடித்துக்கொண்டது. ஓடுகிறது, ஓடுகிறது, முடிகிற வழியைக் காணோம். அதற்குள் அந்தப் பக்கம் செல்வி சோம்பல் முறித்துக்கொண்டு, "முடிஞ்சது டீச்சர்!" என்றாள்.

அண்ணாச்சி தன்னுடையதைப் பாதியில் நிறுத்திவிட்டு விருட்டென்று எழுந்தார்.

"டீச்சர், இது ஓரவஞ்சனை."

"என்ன அண்ணாச்சி?"

"நேத்து வந்தவளுக்குத் தனியா என்னமோ சொல்லிக் குடுத்திருக்கீங்க. இல்லாட்டி நான் ஏன் பின்னால நிக்கேன்? எனக்கு மட்டும் ஏன் இப்படி இழுக்குது?"

டீச்சர் இடுப்பில் கையை ஊன்றி மெல்ல எழுந்து வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மொத்தமா ஓட்ட வேண்டாம். ஒவ்வொரு வரியா ஓட்டுவோம்" என்று ஒரு தட்டு தட்டினார்.

ஊரும் நேரமும் இடம் மாறின. உடனே அந்த அட்டவணை மறைந்து வேறொரு ஃபைல் திறந்தது. மேலே செல்வி என்று பெயர். கர்சர் கடைசி வரிக்கு ஓடியது, நின்றது, அட்டவணைக்குத் திரும்பி வந்தது.

டீச்சர் அடுத்த வரிக்குத் தட்டினார். ஊர் மாறியது. செல்வியின் ஃபைல். கடைசி வரி. திரும்பியது.

"எடிட்டர்ல என்னமோ கோளாறு" என்றார் அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி. நீங்க பதிஞ்சதைத்தான் செய்யுது."

மறுபடி தட்டினார். மறுபடியும் செல்வியின் ஃபைல்.

அண்ணாச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. பதிவை நிறுத்துவதற்கு முன்னால் கை வழக்கம்போல அங்கே போய்வந்திருக்கிறது. தான் போனதே அவருக்குத் தெரியவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது. செல்வி எட்டிப் பார்த்து, "ஐயே, எம் ஃபைல்லா இது?" என்றாள்.

"போதும் டீச்சர், நிறுத்துங்க" என்றார் அண்ணாச்சி. "நாற்காலி அவளுக்குத்தான்னு நேராவே சொல்லிடுங்க. நான் நாளையில இருந்து வரல."

"நாற்காலி இருக்கட்டும். நீங்க அந்த முதல் வரியை மாத்துனப்ப நான் பின்னாலதான் நின்னேன்."

"பாத்தீங்கல்லா, என் லட்சணத்தை."

"பாத்தேன். நான் சொல்லிக் குடுத்ததுல பாதி விசைகூடத் தட்டாமலே அந்த வரியை மாத்திட்டீங்க. அப்படி ஒரு வழி இருக்குன்னே எனக்குத் தெரியாது. செல்விக்கும் தெரியாது."

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

டீச்சர் எழுந்து விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அதை எங்க ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுங்க அண்ணாச்சி. இப்பவே நாற்காலியில உக்காருங்க."

அண்ணாச்சி உட்கார்ந்து விசைகளின் மேல் விரல்களை வைத்தார். எஸ்கேப்பைத் தட்டினார். அடுத்த விசை எது என்று யோசித்தார். அந்த வரியை மாற்றியபோது என்ன செய்தோம் என்று நினைத்துப் பார்த்தார். செல்வி அந்நேரம் எத்தனை வரி முடித்திருந்தாள் என்பதுதான் நினைவுக்கு வந்தது.

விரல்கள் அப்படியே இருந்தன.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். "எங்களுக்கு அவசரமில்ல."