கயிறு இழுத்த ராயசம்

நெல்லிமலை சமஸ்தானத்து ராஜா வீரகேசரிக்குச் சீமையிலிருந்து ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி வந்தது. கூடவே ஒரு பொறியும், பெட்டி பெட்டியாகக் கண்ணாடி உருண்டைகளும் வந்தன. முன்பெல்லாம் புறாவைப் பறக்கவிட்டுச் சுடுவார்கள். இது புதுமோஸ்தர். சுடுகிறவர் "விடு!" என்றதும், தட்டிக்குப் பின்னால் இருப்பவன் கயிற்றை இழுப்பான். பொறி ஓர் உருண்டையை வானத்தில் எறியும். குறி தப்பாவிட்டால் உருண்டை உடைந்து, உள்ளே அடைத்த இறகு பறக்கும்.

ராஜா ஒரு மாதம் சுட்டார். ஓர் இறகுகூடப் பறக்கவில்லை.

அடுத்த வாரம் பக்கத்து ஜமீனில் பந்தயம். ராஜாவின் கோபமெல்லாம் கயிறு இழுக்கும் சடையாண்டி மேல் திரும்பியது.

"இவன் நேரம் தவறி இழுக்கிறான்! நாளை சாயங்காலத்துக்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு எல்லையைத் தாண்டிவிட வேண்டும்!"

சடையாண்டி அழுதுகொண்டே ராயசம் திருமேனிப் பிள்ளையிடம் ஓடினான். அரண்மனைக் கடிதங்களை எழுதுகிறவர் அவர். கடிதத்தில் எழுத முடியாததை நேரில் சொல்லிவிடுவார்.

"சாமி, சத்தியமாச் சரியாத்தான் இழுத்தேன்."

"தெரியும்டா. போய்ச் சாப்பிடு."

மறுநாள் காலை பிள்ளை ராஜாவை வணங்கினார்.

"இன்று நான் இழுக்கிறேன், மகாராஜா. எந்தத் தவறும் நடக்காது."

"இழும்!"

பிள்ளை தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

"விடு!"

டுமீல்! ஒரே புகை.

"எப்படி, தளவாய்?" என்றார் ராஜா.

படைத்தலைவரான தளவாய் ரணசிங்கம் கைகட்டி நின்றார். "மயிரிழையில் தப்பியது, மகாராஜா. இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது."

"விடு!"

டுமீல்!

"இது உரசிக்கொண்டே போனது, மகாராஜா. சத்தம்கூடக் கேட்டதே!"

பத்தாவது வேட்டு வெடித்ததும் ராஜா துப்பாக்கியைக் கீழே போட்டார்.

"ராயசம்! நீர் சடையாண்டியைவிட மோசம். பத்தையும் தாமதமாகவே இழுத்தீர்!"

பிள்ளை ஒரு கூடையோடு வெளியே வந்தார். உள்ளே பத்து உருண்டைகள். ஒன்றில்கூடக் கீறல் இல்லை.

"நான் கயிற்றைத் தொடவேயில்லை, மகாராஜா."

"ஒன்றுமே பறக்கவில்லையா?"

"புகை பறந்தது, மகாராஜா."

"எனக்கு ஏன் தெரியவில்லை?"

"தட்டி இடுக்கு வழியே பார்த்தேன். விசையை அழுத்தும்போது தாங்கள் கண்ணை இறுக மூடிக்கொள்கிறீர்கள். சடையாண்டி எப்போது இழுத்தால் என்ன?"

ராஜா மெல்லத் தளவாய் பக்கம் திரும்பினார். "இவர் கண் திறந்துதானே இருந்தது?"

"நன்றாகத் திறந்திருந்தது, மகாராஜா. ஆனால் தங்கள் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது."

தளவாய் தம் செருப்பை ஆராயத் தொடங்கினார்.

ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சடையாண்டியின் தண்டனை அங்கேயே ரத்தாயிற்று. பிள்ளையின் தோளில் சரிகைச் சால்வை விழுந்தது. அப்புறம்தான் பந்தயம் ஞாபகம் வந்தது. ராஜா பிள்ளையின் காதருகே குனிந்தார்.

"இது பக்கத்து ஜமீனுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும். சாட்சியே இருக்கக் கூடாது. இந்தப் பத்து உருண்டைகளையும் இன்றைக்கே சுட்டு உடைத்துவிடுகிறேன்!"

"உத்தரவு, மகாராஜா. சடையாண்டி கயிற்றை இழுக்கத் தயார். தாங்கள் கண்ணைத் திறந்தால் போதும்."