சிங்கப்பூர் பொத்தான்

அறந்தாங்கியில் ஒரு செல்போனுக்குள் ஓர் ஏரோப்ளேன் குடியிருந்தது. விரல் நகத்தளவு படம்தான், ஆனால் ஆசை மட்டும் ஆகாயத்தளவு. மேலே இருந்து திரையை இழுத்தால் வரிசையாக வந்து நிற்கும் படங்களில் அதுவும் ஒன்று. மற்ற எல்லாரையும் எப்போதாவது ஒரு விரல் தொட்டிருக்கிறது. ஏரோப்ளேனை மட்டும் இதுவரை தொட்டதே இல்லை.

"பார்த்துக்கிட்டே இருங்க, வெளிநாட்டு வேலைன்னு ஒண்ணு வரும். அன்னைக்கு நான்தான் ராஜா!" என்று அது பீற்றிக்கொள்ளும்.

"உன் வேலை என்னன்னு உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்கும் சிக்னல். நாலு கோடாய் நிமிர்ந்து நின்று, ஊர்ப் பேச்சையெல்லாம் வாங்கிக் கொடுக்கிறவன் என்ற மிதப்பு அதற்கு.

"பேரைப் பார்த்தாலே தெரியலையா? பறக்கிறதுதான்!"

போனுக்குச் சொந்தக்காரி கோமளவல்லி. மகள் இளவரசி சிங்கப்பூரில் இருக்கிறாள், தலைப்பிரசவம். போனை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். பச்சையைத் தொட்டால் பேசலாம், சிவப்பைத் தொட்டால் வைக்கலாம். கோமளவல்லி படித்த பாடம் அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் மருமகன் கூப்பிட்டார். "லேபர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க அத்தை. பிள்ளை பிறந்ததும் கூப்பிடுறேன். போனைக் கையிலயே வச்சிருங்க."

கையிலேயேதான் வைத்திருந்தாள். ஆனால் கை சும்மா இருக்குமா? கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தபடி திரையை மேலும் கீழும் தடவினாள். படங்கள் இறங்கி வந்தன. அவள் கண் ஏரோப்ளேன் மேல் விழுந்தது.

"அட, இதுதான் சிங்கப்பூர் பொத்தான் போல! இதைப் போட்டு வச்சாத்தான் அங்கேயிருந்து வரும்." ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினாள்.

ஏரோப்ளேனுக்குத் தலைகால் புரியவில்லை. "தொட்டுட்டாங்க! என்னைத் தொட்டுட்டாங்க! எல்லாரும் விலகுங்க, கிளம்பப் போறேன்!"

திரும்பிப் பார்த்தால், சிக்னலின் நாலு கோடும் சாய்ந்து கிடந்தன.

"என்னடா ஆச்சு உனக்கு?"

"நீதான்டா ஆச்சு" என்று முனகியது சிக்னல். "ஆகாயத்துல போறவங்க போன் யார்கிட்டயும் பேசாம இருக்கணும்னு உன்னை வச்சிருக்காங்க. வாயைக் கட்டுறதுதான் உன் வேலை. இந்நேரம் அந்த மனுஷன் கூப்பிட்டிருப்பாரு. 'தொடர்பு எல்லைக்கு வெளியே'ன்னு கேட்டுட்டு அங்கே தவிச்சுக்கிட்டிருப்பாரு."

ஏரோப்ளேனுக்கு இறக்கை முளைக்கவில்லை. வெளியே கோமளவல்லி அதே படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். "என் தங்கமே, நல்ல சேதி கொண்டா" என்றாள். அது வெட்கத்தில் கூசிப்போயிற்று.

"நான் விட்டுடறேன்! எப்படி விடுறதுன்னு சொல்லுங்களேன்!"

"உன்னால முடியாது. விரல்தான் வரணும்."

அப்போது மூலையிலிருந்து அலாரம் கனைத்தது. தினம் ரெண்டு மணிக்கு அம்மா பிரஷர் மாத்திரை போட வேண்டும் என்று இளவரசி வைத்துவிட்டுப் போன அலாரம் அது. "எனக்கு சிக்னலும் வேண்டாம், டவரும் வேண்டாம். என் நேரம் வந்துடுச்சு. காதைப் பொத்திக்குங்க!" என்று வீடே அதிர அடித்தது.

கோமளவல்லி துள்ளிக் குதித்தாள். தினம் கேட்கிற சத்தம்தான், பதற்றத்தில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "மாப்பிள்ளை! ஹலோ! என்ன பிள்ளை? என் மக எப்படியிருக்கா? ஏன் பேசமாட்டேங்கிறீங்க?" அலாரம் நிற்கவில்லை, அவளும் நிறுத்தவில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் செண்பகம் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, இது அலாரம்! அய்யய்யோ, ஏரோப்ளேனை ஏன் போட்டு வச்சிருக்கீங்க?"

"சிங்கப்பூர்லேயிருந்து வரணும்ல?"

"இது நாம ஏரோப்ளேன்ல போறப்ப போடுறது, அக்கா. இதைப் போட்டா யாருமே கூப்பிட முடியாது!"

கோமளவல்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. செண்பகத்தின் விரல் வந்தது. அணைக்கப்பட்டதற்காக ஆனந்தப்பட்ட முதல் படம் அந்த ஏரோப்ளேனாகத்தான் இருக்கும். சிக்னலின் ஒரு கோடு எழுந்தது, இரண்டு கோடு எழுந்தது. "வாடா ராசா, வாடா!" என்று ஏரோப்ளேனே கத்தியது. நாலாவது கோடு எழுந்ததும் மணி அடித்தது.

"அத்தை! எத்தனை தடவை அடிக்கிறது! பொம்பளப் பிள்ளை! ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க. இந்தாங்க, கேளுங்க!"

கடல் தாண்டி ஓர் அழுகைச் சத்தம் வந்து கூடத்தில் விழுந்தது. கோமளவல்லியும் அழுதாள், செண்பகமும் அழுதாள். மாத்திரையை எல்லாரும் மறந்துபோனார்கள்.

பிள்ளையைப் பார்க்க அவளே கிளம்பும் நாளும் வந்தது. திருச்சியில் விமானம் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அறிவிப்பு வந்ததும் யாரையும் கேட்காமல் திரையை இழுத்தாள். "இப்பத்தான் உன் முறை, தங்கமே" என்று ஏரோப்ளேனைத் தொட்டாள்.

விமானம் தரையை விட்டது. ஏரோப்ளேன் கனவு கண்ட ஆகாயம் ஜன்னலுக்கு வெளியே விரிந்தது. ஆனால் அது அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தூங்கிக் கிடந்த சிக்னலின் காதோரம் குனிந்து, "எப்படா இறங்குவோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.