பாடாத பாட்டு சார்

என் மாவு மில்லுக்கு மேல்மாடியில்தான் சிவசைலம் சார் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார். சங்கீதத்துக்கும் எனக்கும் காத தூரம். ஆனாலும் பதினோரு வருஷமாக அந்த மாடிக்குக் கீழே நின்று மாவு அரைக்கிறவன் நான். இதைச் சொல்ல எனக்கில்லாத உரிமை வேறு யாருக்கு?

ஒரு நாள் காலையில் டெய்லர் கடை வைத்திருக்கும் பிரம்மசக்தி பச்சரிசித் தூக்கோடு வந்தாள். அரிசியைக் கொடுத்துவிட்டு மாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, மேல இருக்கிற பாட்டு சார் நல்லாப் பாடுவாரா?"

"தெரியாதும்மா. அவர் பாடி நான் கேட்டதே இல்லை."

அவள் முகம் விழுந்துவிட்டது. பிறகு தன் கதையைச் சொன்னாள். ஏழு வருஷம் ஒரு பெரிய பாகவதரிடம் படித்தவளாம். அவர் தன் ஆண் குரலுக்கு வைத்த சுருதியிலேயே இவளும் பாடியிருக்கிறாள். குருவின் சுருதியை மாற்றச் சொல்வது மரியாதை இல்லை என்று நினைப்பு, பைத்தியக்காரிக்கு. அவர் போய்ச் சேர்ந்தபோது இவள் தொண்டையும் பாதி போயிருந்தது. இன்னும் ஒரு வருஷம் இப்படி அழுத்திப் பாடினால் பேசக்கூடக் குரல் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பாடாமல் இருந்துவிட்டால் என்ன என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

டவுனில் மூன்று வாத்தியார்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். மூன்று பேரும் அவளை உட்காரவைத்துப் பாடிக் காட்டினார்களாம். ஒருத்தர் பாட்டைவிட ஒருத்தர் பாட்டு உசத்தி. யாரிடம் சேர்வது என்று தெரியாமல், இருந்த நிம்மதியும் போயிற்று.

"துணியைத் தொட்டுப் பார்க்காம நான் ஒரு ஜாக்கெட்டுக்குக்கூடக் கத்தரி வைக்க மாட்டேன் அண்ணாச்சி. பாடாத வாத்தியாரை எதை வச்சு நம்புறது?"

நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன். மாடியில் பதினாலு பேர் படிக்கிறார்கள். பாட்டு ஒன்றாக இருந்தாலும் ஒருத்தர் பாடுவது இன்னொருத்தர் பாடுவது மாதிரி இருக்காது. மில் ஓடும்போதே, பாடுவது யாரென்று நான் சொல்லிவிடுவேன்.

அவள் மாவைக்கூட வாங்காமல் மாடி ஏறிவிட்டாள். தூக்கை எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறென்ன.

சாருக்கு அவளைவிட நாலைந்து வயது கூட இருக்கும், அவ்வளவுதான். சரியான வாத்தியாரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நேராகவே கேட்டாள். அவர் அவளைப் பாடச் சொன்னார். அவள் பழைய சுருதியிலேயே பாடினாள். மேலே போய் இறங்கும் ஓர் இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த இடத்துல ஏன்மா செருமுனீங்க?"

"செருமல் இல்லை சார். அது எங்க குருநாதர் கொடுக்கிற அழுத்தம். அவர் எப்பவும் அப்படித்தான் பாடுவார்."

"அவர் மூக்குப்பொடி போடுவாரோ?"

"ஆமா" என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் கண் நிறைந்ததைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

சார் சிரிக்கவில்லை. "எவ்வளவு உன்னிப்பாக் கேட்டிருந்தா இதுகூட உங்களுக்கு வந்திருக்கும்" என்று நிஜமான மரியாதையோடு சொன்னார். பிறகு சுருதிப் பெட்டியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பாடச் சொன்னார். ஏழாவதோ எட்டாவதோ தடவை, மடை திறந்த மாதிரி ஒரு குரல் வந்தது. யார் பாடியது என்று அவளே திரும்பிப் பார்த்தாள்.

மறு நாளே சேர்ந்துவிட்டாள். ஒரே ஒரு தடவை நீங்கள் பாடிக் காட்டுங்கள் என்று கேட்டதற்கு, இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஆர்மோனியத்தில் ஸ்வரத்தைத் தொட்டுக் காட்டுவார், வார்த்தையைச் சொல்வார். மற்றதை அவளாகவே தேட வேண்டும்.

ஊர் சும்மா இருக்குமா? குரல் இருந்தால் இந்த ஆள் ஏன் மாவு மில் மாடியில் உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள். மூன்றாம் மாசம் அவளுக்கே பொறுக்கவில்லை. பாடத் தெரியாதவரிடம் போய் மாட்டிக்கொண்டேனே என்று என்னிடம் பொருமிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நாலு நாள் வரவில்லை. அஞ்சாம் நாள் வந்து, "வீட்ல பாடிப் பார்த்தேன், செருமல் போயிருச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள்.

ஒன்றரை வருஷம் போயிற்று. ஒரு சாயங்காலம் சார் கீழே வந்து, அரை மணி நேரம் மில்லை நிறுத்த முடியுமா என்று கேட்டார். பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. கோதுமையோடு வரிசையில் நின்ற பெண்கள் திட்டத் திட்ட நிறுத்தினேன்.

மேலே பிரம்மசக்தி ஒரு கீர்த்தனையை முழுசாகப் பாடினாள். போய்விடும் என்று டாக்டர் சொன்ன குரல் அது. அவளைத் தவிர வேறு யாருக்கும் இல்லாத குரல். திட்டிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவள் முடித்ததும் அதே கீர்த்தனையை வேறொரு குரல் எடுத்தது. யாரென்று எனக்குத் தெரியவில்லை. மாடிப்படியில் ஏறிப் பார்த்தேன். சார் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். சங்கீதம் தெரியாது என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா? தெரியாதவன்தான் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். இப்படிப்பட்ட குரலை இத்தனை வருஷம் ஒரு மனுஷன் எப்படி அடக்கி வைத்திருந்தான்!

அவர் முடித்ததும் அவள் பேசிய குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

"டவுன்ல மூணு பேரும் முதல் நாளே பாடிக் காட்டினாங்க சார். நீங்க அன்னைக்கே இதைப் பாடியிருந்தா, நான் சந்தேகமே படாம உங்க காலடியில உட்கார்ந்திருப்பேனே."

சார் சுருதிப் பெட்டியை நிறுத்தினார்.

"உட்கார்ந்திருப்பீங்கம்மா. இன்னைக்கு நீங்க பாடினதை நான் கேட்டிருக்க முடியாதே."