காளை குடித்த கஞ்சி

பண்ணையார் வீட்டுப் பந்தயக் காளைக்கு ஒரு நாள் வெள்ளைக் கஞ்சி வைத்த கதை தெரியுமா உங்களுக்கு?

பண்ணையார் வேலப்பரின் மகன் நோஞ்சான். சமையல்காரி சிலம்பாயி அவனுக்குத் தீட்டாத அரிசி மாவில் புட்டு அவித்ததும் பண்ணையாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏழைபாழை தின்கிற பழுப்பு மாவு என் வீட்டுலயா? தவிடு போகத் தீட்டின வெள்ளை மாவுலயே செய். பிள்ளையும் தேறணும். இல்லாட்டி வேலைக்கு வராதே!"

"சரிங்கய்யா."

மறுநாள் காளையின் தொட்டியில் சிலம்பாயி ஊற்றியது மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை மாவுக் கஞ்சி. பண்ணையார் தெருவே கூடும்படி அலறினார். "அடிப்பாவி, தவிடு எங்கே? வெறும் மாவைக் குடிச்சா காளைக்கு ஏது சத்து? பந்தயத்துல படுத்துடாதா?"

"சத்து தவிட்டுலன்னு ஐயாவுக்கே தெரியுதே! தம்பி தட்டுல மட்டும் அதை ஏன் எடுக்கச் சொல்றீங்க?" என்றாள் சிலம்பாயி.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பண்ணையார் தப்பித்து அடுப்படிக்குள் நுழைந்தார். அங்கே மகனுக்கு முன்னால் பழுப்புப் புட்டில் ஆவி பறந்தது. பண்ணை என்று ஒன்று இல்லாத அவருடைய சின்ன வயதில் அம்மா தேங்காய்ப்பூ தூவி ஊட்டிய அதே வாசம். மகன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பின்னாலேயே வந்த சிலம்பாயியை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கும் ஒரு குழல் புட்டு வையேன், தாயி."