கீழ் இலை கத்துன கத்து

ஒரு ஊர்ல ஒரு தக்காளிச் செடி இருந்துச்சு. உச்சியில ஒரே ஒரு பிஞ்சு. காலை ஆட்டாம கேளு, தேனு. ம் சொல்லு.

"ம்."

அந்தச் செடிக்குள்ள ஒரு நோட்டு. எந்த எதிரிக்கு எந்த மருந்து காய்ச்சணும்னு பக்கம் பக்கமா இருக்கும். ஒவ்வொரு பக்கமும் ஒரு மரபணு. எல்லாத்தையும் தொறந்து வச்சா செடி மருந்தே காய்ச்சிக்கிட்டுக் கிடக்கும், பிஞ்சு பட்டினி. அதனால பூட்டுக்காரர்னு ஒருத்தர் காவல். இலைங்க ஒரு சாறு அனுப்புனாத்தான் தொறப்பார். அந்தச் சாறுதான் ஹார்மோன்.

அப்போ ஒரு புழு வந்துச்சு. கறுக் கறுக்! கீழ் இலை ‘புழு வந்திருக்கு’ன்னு சொல்ற புழுச்சாறு அனுப்புச்சு. பூட்டுக்காரர் புழுப் பக்கத்தைத் தொறந்தார். இலை கசந்துச்சு. "த்தூ!"ன்னு புழு ஓடிப்போச்சு.

அப்புறம் ஒரு கிருமி வந்தான். திருட்டுப்பய! புழுச்சாறு மாதிரியே போலிச்சாறு ஊத்திக்கிட்டு நுழைஞ்சான். பூட்டுக்காரர் மறுபடியும் புழுப் பக்கத்தையே தொறந்தார்.

"யோவ், புழு இல்லய்யா, கிருமி!"ன்னு கீழ் இலை கத்துச்சு.

"புழுச்சாறு வந்திருக்கே."

"அது போலி!"

"புழுப் பக்கம் தொறந்திருந்தா கிருமிப் பக்கம் மூடியிருக்கணும். அதான் வழக்கம்."

"வழக்கத்தைக் குப்பையில போடு! என் மேலெல்லாம் கரும்புள்ளி!"

"அம்மா, அவருக்குக் கண்ணு இல்லையா?"

இல்லடி, சாறு மட்டும்தான் தெரியும். குறுக்க பேசாத.

அப்புறம் கீழ் இலை கிருமிச்சாறு கொஞ்சம் அனுப்புச்சு. "பத்தாது"ன்னார். அதுக்குள்ள புள்ளி மேல ஏறுது. இன்னும் நாலு இலை தாண்டுனா பிஞ்சு!

"உங்ககிட்ட பேசிப் பேசியே என் உசுரு போகுதுய்யா!"ன்னு சொல்லிட்டு, கீழ் இலை புள்ளியைச் சுத்தி தன்னைத்தானே கருக்கிக்கிச்சு. சட சட சட! கிருமிக்குத் திங்க ஒண்ணுமில்ல. இருந்த கிருமிச்சாறு மொத்தத்தையும் குபுகுபுன்னு அனுப்பிவிட்டுச்சு.

பூட்டுக்காரர் தொப்பலா நனைஞ்சு, கிருமிப் பக்கத்தைத் தொறந்தார். க்ளிக்! "இப்பதான் தெளிவாச் சொல்றே"ன்னார்.

கேட்டியா பேச்சை!

மேல இருக்கிற இலையெல்லாம் மருந்து காய்ச்சுச்சு. கிருமி காலி. பிஞ்சு காயாகி, செவசெவன்னு பழுத்துச்சு.

"ம்... கீழ் இலை?"

காஞ்சு விழுந்துடுச்சுடி. விழறப்பக்கூட அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டேதான் விழுந்துச்சு.

செடி பிழைச்சுது, கதை தீர்ந்துது. கண்ணை மூடு.